அரிவாள் தீட்டிய தடம்

முப்பது வருடத்துக்கு மேல் கல்வெட்டுகளுக்குத் தாள் ஒட்டி மை தட்டியிருக்கிறேன். பெண் பார்க்கப் போன வீட்டில் என்ன வேலை என்று கேட்டார்கள். "கல்லுக்கு மை போடுறேன்" என்றேன். கோயில் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவன் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. என் மாமனார் கடைசிவரை வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடும்போதெல்லாம் என்னிடம்தான் யோசனை கேட்டார்.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு சான்றிதழ் வாங்கப் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. முக்காலியில் நிறுத்தினால் போதும், கல்லைத் தானே பார்த்து, எழுத்து எவ்வளவு ஆழம் என்பதுவரை கணினியில் காட்டிவிடுகிறது. அதை இயக்கும் கவிதா, "உங்களுக்கு வருத்தமா இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டாள். எதற்கு வருத்தம்? சித்திரை வெயிலில் ஏணிமேல் நின்று, காய்கிற தாளோடு மல்லுக்கட்டியவனுக்கு அந்தக் கருவியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சத் தோன்றும். அதைத்தான் சொன்னேன்.

அவள் சிரித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். "நீங்க எடுத்ததுல தப்பாப் போனது ஏதாவது உண்டா?"

பணி நிறைவு விழாவில் ஆளுக்கொரு மாலை போட்டுப் புகழ்ந்தார்களே தவிர, இதை ஒருவரும் கேட்கவில்லை. "ஒண்ணு ரெண்டு இருக்கும்மா" என்று மழுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் கேள்வி என்னை விடவில்லை. ஒண்ணு ரெண்டெல்லாம் இல்லை. ஒன்றுதான். அதை எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் விஸ்வநத்தம். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டுகிற வேலை பார்த்தார். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மை ரோலர் துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஏதோ புத்தகம் அச்சடிக்க வந்த கல்வெட்டு அதிகாரி ஒருவர், நான் விரலில் மையைத் தொட்டு "இது தண்ணியா இருக்கு, எழுத்து பரவிரும்" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறார். அடுத்த மாதமே தினக்கூலியாக அவரிடம் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்க வாளியும் பிரஷும் தூக்கினேன். இரண்டாம் வருடம் தாளைத் தொடவிட்டார்கள். அவ்வளவுதான் என் படிப்பு.

வேலையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் சங்கதிக்கு அது வேண்டும். முதலில் கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். எழுத்துக் குழிக்குள் இருக்கும் சுண்ணாம்பையும் பாசியையும் பொறுமையாக எடுக்க வேண்டும். பிறகு தாளை நனைத்து, சுருக்கம் விழாமல் கல்மேல் ஒட்டி, கெட்டி மயிர் பிரஷால் அடித்துக்கொண்டே வர வேண்டும். அடிக்க அடிக்க, தாள் எழுத்துக்குள் இறங்கும். பாதி காய்ந்ததும் துணி சுற்றிய பொத்தியில் மையைத் தொட்டு மெல்லத் தட்டினால், மேடான கல் கறுப்பாகவும் குழியான எழுத்து வெள்ளையாகவும் தெரியும். இதற்குப் பேர் மைப்படி. எங்கள் பக்கத்து வெயிலில் தாள் பாதி காய்வதற்கும் முழுக்கக் காய்வதற்கும் நடுவில் ஒரு டீ குடிக்கும் நேரம்கூடக் கிடைக்காது.

அந்த அதிகாரி பெயர் சண்முகசுந்தரம். தினக்கூலியையும் "நீங்க" என்றுதான் சொல்லுவார். கல்லுக்கு முன்னால் உட்கார மாட்டார். யாரையும் திட்ட மாட்டார், தப்பு என்ற சொல்லே அவர் வாயில் வராது. "இன்னொரு தடவை பார்ப்போமா?" என்பார். அந்தக் கேள்வியைக் கேட்டாலே தாளை மறுபடி நனைக்கத் தொடங்கிவிடுவோம். இன்னொரு தடவை பார்த்தால் கண்டிப்பாக ஏதாவது இருக்கும்.

இன்னொரு பழக்கம், அவர் கல்வெட்டைக் கடைசி வரியிலிருந்து படிப்பார். நான் சேர்ந்த புதிதில் ஒரு கோயிலில் பாண்டியன் காலத்துக் கல்வெட்டு எடுத்தோம். மேலே ராஜாவின் புகழ் எட்டு வரிக்கு ஓடியது. நான் அதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து அடிவரியில் விரலை வைத்தார்.

"மேல இருக்கறது ராஜாவோட பெருமை. எந்தக் கல்லைப் பார்த்தாலும் அது ஒண்ணுதான். அரசாங்கம் எங்க இருக்கு தெரியுமா? இங்க கீழ இருக்கு."

கீழே வெறும் கையெழுத்துகள். இவை இன்னார் எழுத்து, இவை இன்னார் எழுத்து என்று வரிசையாகப் போயின. அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். ராஜா வாயால் ஒரு வார்த்தை சொல்லுவார். அதைக் கேட்டு ஒருவர் ஓலையில் எழுதுவார். எழுதியது சரிதானா என்று இன்னொருவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். பிறகு ஓலை புரவுவரித் திணைக்களத்துக்குப் போகும். நிலமும் வரியும் அவர்கள் பொறுப்பு, இன்றைய வருவாய்த் துறை மாதிரி. அங்கே இருப்பவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் எழுத்தைப் போடுவார்கள். அத்தோடும் முடியாது. ஓலை அந்தப் பகுதி ஊர்களின் பிரதிநிதிகளான நாட்டாரிடம் வரும். அவர்கள் கூடி ஓலையை வாங்கி, ஒரு பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றிப் பார்த்து, 'சம்மதித்தோம்' என்று தாங்களும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் காரியம் ஆகும்.

ராஜா சொன்னால் மறுநாளே நடந்துவிடும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். "இதுல ஒருத்தர் லீவு போட்டிருந்தா ராஜா கட்டளையே நின்னிருக்கும் போலயே சார்" என்றேன்.

"அதுக்குப் பேர்தான் அரசாங்கம்" என்றார்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் இங்கிலாந்து ராஜாவும், வரி வேண்டும் என்றால் ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் இரண்டு பேரை அனுப்பச் சொல்லி ஓலை அனுப்பியிருக்கிறாராம். அப்படிக் கூடியவர்கள்தான் பின்னால் பாராளுமன்றம் ஆனார்களாம். "கேக்காம வாங்க முடியாதுன்னு அங்கயும் தெரிஞ்சிருக்கு, இங்கயும் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு ஒரு விதியும் போட்டார். "எழுத்து முடிஞ்ச இடத்துல தாளை முடிக்காதீங்க. ஒரு முழம் கீழ போங்க. யாரெல்லாம் ஒத்துக்கிட்டாங்கங்கறது அங்கதான் இருக்கும்."

அந்த விதியை நான் ஒரே ஒரு நாள் மீறினேன்.

ஊர்ப் பேர் வேண்டாம். விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற பக்கம், பெரிய கண்மாய் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்மாயின் கீழமடையில் நிற்கும் தூணில் எழுத்து இருப்பதாகத் தகவல் வந்தது. சார் வேறு வேலையாக மதுரை போய்விட்டார், நானும் ஒரு உதவியாளரும் போனோம். ராஜாவின் அதிகாரி ஒருவர் கீழமடையைச் செப்பனிடச் சொன்னதையும், ஊர்க்காரர்கள் கூடிச் சம்மதித்ததையும் கல் சொன்னது. கீழே ஐந்து பேர் எழுத்து இருந்தது. ஐந்தாவது பேருக்குக் கீழே தூண் சேற்றுக்குள் இறங்கியது. சேற்றுக்கு மேலே தெரிந்த ஒரு சாண் இடத்தில் தாறுமாறாகக் கீறல்கள் இருந்தன.

எங்கள் பக்கத்தில் மடைக்கல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதிர் அறுக்கப் போகிறவன் தண்ணீரும் கல்லும் ஒரே இடத்தில் கிடைக்கிறது என்று அரிவாளை அங்கேதான் தீட்டுவான். அந்தத் தடங்கள் இல்லாத மடையே கிடையாது. மண்டை பிளக்கிற வெயில். கொண்டுபோன தாளும் தீர்ந்துவிட்டது. ஐந்தாவது பேரோடு முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் சார் படியை மேசையில் விரித்துப் பார்த்தார். "கீழ ஒண்ணுமில்லையே?" என்றார்.

"அருவா தீட்டுன தடம் சார்."

"சேத்துக்குள்ள?"

"பாத்துட்டேன் சார், ஒண்ணுமில்ல" என்றேன். பார்க்கவில்லை. இன்னொரு தடவை பார்ப்போமா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயந்து சொன்ன பொய் அது. அவர் என்னை நம்பினார். ஐவர் கையெழுத்து என்று அலுவலகம் போட்ட புத்தகத்தில் அச்சாகிவிட்டது.

சில வருடம் கழித்து ஒரு நாள் காலையில் அலுவலக வாசலில் ஒரு அம்மா நின்றார். நாற்பது வயது இருக்கும். கையில் எங்கள் புத்தகத்தின் ஜெராக்ஸ் பக்கம். அந்த ஊர் ஊராட்சியில் வார்டு உறுப்பினர், பெயர் பேச்சியம்மாள், பட்டாசுக் கம்பெனியில் வேலை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"அந்த மடைக் கல்லுக்குத் தாளு ஒட்டுன ஆளு நீங்கதானாக்கும் அண்ணாச்சி?"

"ஆமாம்மா. உட்காருங்க."

"உக்காரதுக்கு வரல. எங்க தெருவுல அம்புட்டுப் பேரும் கந்தகத்துலயும் கரிமருந்துலயும் வேல பாக்குற சனம். கீழமடைத் தண்ணி வந்தாத்தான் எங்க ஊரணி நெறையும். ஊரணி நெறஞ்சாத்தான் கெணத்துல வாயில வைக்கிற மாதிரித் தண்ணி கெடக்கும். போர்த் தண்ணி ஒரே உப்பு. இப்ப அந்த மடைய அடச்சு, கரைய ஒசத்தி, லோடு வண்டி போக ரோடு போடணும்னு தீர்மானம் கொண்டு வாராக. நாங்க கேட்டா, கண்மாய்க்குப் பாத்தியதை அஞ்சு வீட்டுக்காரவுகதான், கவர்மெண்டு பொஸ்தகத்துலயே இருக்குங்காக. நீங்க பட்டாசுக்குப் பொழைக்க வந்த சனம், ஒங்களுக்கு என்ன பேச்சுங்காக."

ஜெராக்ஸை என் முன்னால் வைத்தார். ஐவர் கையெழுத்து. என் பொய் அச்சில் எவ்வளவு சுத்தமாக இருந்தது!

"இந்த அஞ்சு பேரத் தவுர வேற ஆருமே இல்லையா அண்ணாச்சி? நல்லாப் பாத்தீகளா?"

என்னால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை சிறப்பு கிராம சபை என்றார். அவர் போனதும் நேரே சார் அறைக்குப் போனேன். அவர் ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது. "சார், அன்னைக்குச் சேத்துக்குள்ள நான் பாக்கல" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நாளைக்கு நானும் வரேன்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் தூணைச் சுற்றித் தோண்டினோம். கண்மாயில் தண்ணீர் இறங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று. சேற்றை அள்ளிக் கழுவி, முழங்கால் அளவு சகதியில் நின்றுகொண்டு தாள் ஒட்டினேன். கீறல் இருந்த இடத்திலும் ஒட்டினேன். தாளை அடிக்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. அரிவாள் தீட்டிய தடம் வழுவழுவென்று இருக்கும். இது உளியால் கொத்தியது. மை தட்டத் தட்ட, கறுப்புக்குள்ளிருந்து ஒரு மண்வெட்டி வந்தது. அதன் பக்கத்தில் ஒரு வில். ஒரு பானை. ஒரு அரிவாளும் இருந்தது, தீட்டிய தடமாக இல்லை, அரிவாளாகவே. கடைசியில் ஒன்று வெறும் மூன்று புள்ளி. மொத்தம் ஏழு. அவற்றுக்கு அடியில் ஒரு வரி எழுத்து ஓடியது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதில் ஒரு சொல் தெரிந்தது.

தற்குறி.

எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் ஒரு விண்ணப்பத்தில் அம்மா கைநாட்டு வைத்ததைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து நான் அம்மாவைச் சொன்ன சொல் அது. அம்மா தொடர்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லைப் போய் ஒரு ராஜா காலத்துக் கல்லில் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

"சார், எழுதத் தெரியாதவங்களைத் திட்டியா எழுதிருக்காங்க?" என்றேன்.

"திட்டு இல்ல. தன் குறி, தற்குறி. எழுதத் தெரியாதவர் தன் அடையாளத்தைத் தானே போடறது. பக்கத்துல எழுதத் தெரிஞ்ச ஒருத்தர், இவங்க குறிக்கு நான் சாட்சின்னு தன் எழுத்தைப் போடுவார். சபையில ஒத்துக்கிட்டதுக்கு அது கையெழுத்துக்குச் சமம். நாமதான் பின்னால அதைத் திட்டாக்கிட்டோம்."

சகதியில் நின்று அழுதால் நன்றாக இருக்காது என்று மைப் பொத்தியைக் கழுவப் போய்விட்டேன்.

அலுவலகத்தில் திருத்தக் குறிப்பு எழுதினோம். 'படி எடுத்தவர் பிழை' என்று நானே எழுதிக் கொடுத்தேன். சார் அதை அடித்துவிட்டு 'பதிப்பித்தவர் பிழை' என்று மாற்றினார். "படிச்சுக் கையெழுத்துப் போட்டவன் நான்" என்றார். நான் மறுத்துப் பேசினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "புத்தகத்துல பண்ணினதைப் புத்தகத்துல திருத்தியாச்சு. அதை வச்சுச் சபையில பேசியிருக்காங்க இல்லையா? சபையிலயும் திருத்தணும்" என்றார்.

திங்கட்கிழமை மதியம் ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ஊராட்சித் தலைவர் ராமசாமி நிறைய நிலம் வைத்துப் பயிர் செய்கிற பெரிய சம்சாரி, கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஐந்து வீட்டில் ஒரு வீடு அவருடையது. எங்களுக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். சார் எழுந்து, புதுப் படியை விரித்துப் பிடிக்கச் சொல்லி, ஏழு குறிகளையும் காட்டினார். எங்கள் புத்தகத்தில் பிழை என்று மூன்று முறை சொன்னார்.

தலைவர் கேட்டார். "சரி சார், அந்த ஏழு பேரும் இவுக பாட்டன் பூட்டன்னு கல்லு சொல்லுதா?"

"இல்ல. கல்லு அப்படிச் சொல்லல. யாருன்னு தெரியாது. இது கோர்ட்டுல செல்லுபடி ஆகற பத்திரமும் இல்ல."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒருவர், "கைநாட்டுக் கூட்டத்துக்குக் கைநாட்டுச் சாட்சி" என்றார். சார் கொஞ்சம் பூசி மெழுகியிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போது பேச்சியம்மாள் எழுந்தார்.

"எங்க பாட்டன்னு நீங்க சொல்ல வேண்டாம் சார். எங்க பாட்டன் எங்கன கெடந்தாகளோ, எங்களுக்கே தெரியாது. இந்த மடையப் பத்தி ராசா கேட்டப்ப, எழுதத் தெரிஞ்ச அஞ்சு பேரோட போகாம, எழுதத் தெரியாதவுகளையும் நிக்க வச்சுக் கேட்டாகளா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"கேட்டிருக்காங்க. அவங்க குறி இல்லாம முடிக்கல" என்றார் சார்.

"அப்ப எங்க ஆளுகளையும் கேளுங்க. வேன் அஞ்சு மணிக்குத்தான் வரும். சீசன் நேரம், லீவு கெடைக்கல."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஊராட்சிச் செயலர் பதிவேட்டை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கையெழுத்தே போட்டுவிட்டார்கள். முடித்துவிடலாம் என்று நாலைந்து குரல் வந்தது. தலைவர் படியில் இருந்த ஏழு குறிகளையும் இன்னொரு முறை பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியதோ, "இருங்கலே, வரட்டும்" என்றார்.

காத்திருந்தோம். ஒரு தீர்மானத்துக்காக ஒரு ஊர் சும்மா உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐந்தரைக்கு இரண்டு கம்பெனி வேன்கள் வந்து நின்றன. பெண்கள்தான் அதிகம். தூக்குவாளியோடு அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் தீர்மானத்தை முதலிலிருந்து வாசித்தார். கீழமடையை அடைக்கச் சம்மதமா என்று கேட்டார். இல்லை என்று அவர்கள் சொன்ன சத்தத்தில் பந்தல் அதிர்ந்தது. மடையைப் பழுது பார்ப்பது, ரோட்டை வடகரையில் போடுவது என்று மாற்றி எழுதினார்கள்.

வேனில் வந்தவர்களில் வயதான பலருக்கு எழுதத் தெரியாது. கைநாட்டுக்குப் பக்கத்தில் பேர் எழுத ஆள் வேண்டும், செயலருக்குக் கை ஓய்ந்துவிட்டது. "சார், நீங்க கொஞ்சம் எழுதுறீகளா?" என்று என்னைக் கூப்பிட்டார்.

ஒவ்வொருவராக வந்து விரலை வைத்தார்கள். கழுவியும் போகாத அலுமினியப் பொடி ரேகைக்குள் மின்னியது. மையோடு அதுவும் தாளில் ஏறியது. ஒவ்வொரு ரேகைக்குப் பக்கத்திலும் பேரை எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஆமா என்று தலையாட்டிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். இத்தனை வருடம் நான் படி எடுத்த ஆட்கள் ஒருவரும் எழுந்து வந்து, என் பேர் எங்கே என்று என்னைக் கேட்டதில்லை.

கடைசியாக ஒரு கிழவி வந்தார். ரேகை வைத்தார். செயலர் சொன்ன பேரை எழுதி, "சுப்புத்தாய்" என்று வாசித்தேன்.

அந்த அம்மா நகரவில்லை.

"சுப்புத்தாய் எங்க அக்கா, அவ செத்து மூணு வருசம் ஆச்சு. நான் சுப்பம்மா. அடிச்சிட்டு ஒழுங்கா எழுதுங்கய்யா, நான் இங்கனயே நின்னு பாக்குதேன்."

அடித்துவிட்டு எழுதினேன். அவர் நின்று பார்த்தார்.